எக்கோ ரிப்போர்ட்டில் 'இடது மேற்பெருஞ்சிரை' என்று வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

கரூர்க்காரி:
மாமனாருக்குக் குடலிறக்க ஆபரேஷன். வயது 58. ஃபிட்னஸுக்காக எக்கோ எடுத்தோம். பம்பிங் நன்றாக இருக்கிறது, வால்வுகளும் சரி என்று போட்டுவிட்டுக் கடைசி வரியில் மட்டும் 'கரோனரி சைனஸ் விரிந்துள்ளது, இடது மேற்பெருஞ்சிரை நிலைத்திருக்க வாய்ப்பு, பபிள் ஸ்டடி செய்து பார்க்கவும்' என்று எழுதியிருக்கிறார்கள். சர்ஜன் பார்த்துவிட்டு, "பிறவியிலிருந்தே இருப்பதுதான், பயம் வேண்டாம். ஆனால் அந்த டெஸ்டை முடித்துவிட்டு வாருங்கள்" என்றார். பயம் வேண்டாம் என்றால் டெஸ்ட் எதற்கு? இதுதான் இப்போது வீட்டில் சண்டை. மாமியார் 'இதயத்தில் ஓட்டை' என்று சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டுவிட்டார். மாமனாரோ எதுவும் நடக்காதது போலத் தறிக்குப் போய் வந்துகொண்டிருக்கிறார்.

இது என்ன, இதை மூட வேண்டுமா, பிள்ளைகளுக்கும் பார்க்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எக்கோ அறை:
எக்கோ பார்ப்பதுதான் என் வேலை. முதலில் உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள், இது ஓட்டை இல்லை. கூடுதலாக ஒரு சிரை இருக்கிறது, அவ்வளவுதான்.

தலை, கழுத்து, இரண்டு கைகள் ஆகியவற்றிலிருந்து திரும்பும் ரத்தம் மேற்பெருஞ்சிரை என்ற ஒரே குழாயில் சேர்ந்து இதயத்தின் வலது மேலறைக்குள் இறங்கும். பெரியவர்களுக்கு அது சுமார் 7 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலம். இருப்பது மார்பெலும்பின் வலப்பக்கத்தில். இடது கையிலிருந்து வரும் ரத்தம் நெஞ்சுக்குக் குறுக்கே ஓடும் இன்னாமினேட் சிரை வழியாக வலப்பக்கம் வந்து இதில் கலக்கும்.

கரு உருவாகும்போது ஆரம்பத்தில் இப்படி இருப்பதில்லை. இரண்டு பக்கமும் பக்கத்துக்கொன்றாகச் சிரைகள் இருக்கும். 8-வது வாரம் வாக்கில் அந்தக் குறுக்குச் சிரை தோன்றி இடப்பக்க ரத்தத்தை வலப்பக்கம் திருப்பிவிடும். வேலை போன இடப்பக்கச் சிரை சுருங்கி நாராகிவிடும். சிலருக்கு அது சுருங்காமல் நின்றுவிடுகிறது. பைபாஸ் ரோடு போட்ட பிறகும் ஊருக்குள் பழைய ரோடு திறந்தே கிடப்பது போல. ஆயிரம் பேரில் மூன்று முதல் ஐந்து பேருக்கு இது இருக்கும். பிறவி இதயக் கோளாறு உள்ளவர்களிடம் இன்னும் பல மடங்கு அதிகம்.

பத்தில் ஒன்பது பேருக்கு அந்த இடது சிரை கரோனரி சைனஸில் போய்ச் சேரும். இதயத் தசைக்குப் போன ரத்தம் திரும்பி வரும் சின்ன வடிகால் அது. வலது மேலறைக்குள்தான் திறக்கும். ஆக, கூடுதல் ரத்தம் கடைசியில் சேர வேண்டிய அறைக்குத்தான் சேருகிறது. வடிகால் மட்டும் வீங்கிவிடும். எக்கோவில் இதயத்தை நெடுக்காக வெட்டிப் பார்க்கும் காட்சியில், இடது மேலறைக்குப் பின்னால் மைட்ரல் வால்வை ஒட்டி ஒரு கறுப்பு வட்டம் தெரியும். அது 1 செ.மீ.க்கு மேல் இருந்தால் எங்கள் மனதில் முதலில் வருவது இந்தச் சிரைதான். வலப்பக்க அழுத்தம் கூடினாலும் அது வீங்கும், நுரையீரல் சிரைகள் தவறாக அதில் போய் விழுந்தாலும் வீங்கும். அதனால்தான் 'வாய்ப்பு' என்று எழுதி, டெஸ்ட் கேட்டிருக்கிறார்கள்.

டெஸ்ட் பெரிய விஷயமே இல்லை. இடது கையில் ஒரு ஊசி. 9 மில்லி சலைன், 1 மில்லி காற்று. இரண்டு சிரிஞ்சுகளை மூவழிக் குழாயில் மாட்டி இங்கும் அங்கும் வேகமாகத் தள்ளினால் சலைன் வெள்ளையாக நுரைத்துவிடும். அதைச் சட்டென்று ஏற்றிவிட்டுத் திரையைப் பார்ப்போம். வழக்கமான உடம்பில் வலது மேலறைதான் முதலில் வெளுக்கும். இடது சிரை இருந்தால் கரோனரி சைனஸ் முதலில் வெளுத்து, அடுத்த துடிப்பில் வலது மேலறை வெளுக்கும். பிறகு வலது கையிலும் இதையே செய்யச் சொல்லுங்கள். பல இடங்களில் இதை விட்டுவிடுகிறார்கள். வலது கையில் ஏற்றியதும் கரோனரி சைனஸில்தான் முதலில் தெரிகிறது என்றால் வலப்பக்க மேற்பெருஞ்சிரையே இல்லை என்று அர்த்தம். அபூர்வம்தான், ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

நடுநிசி:
ஊசியில் துளி காற்று இருந்தாலே நர்ஸ் தட்டித் தட்டி வெளியேற்றுகிறார். இங்கே வேண்டுமென்றே ஏற்றுகிறார்களா?

எக்கோ அறை:
நுரைத்த குமிழிகள் மிக நுண்ணியவை. நுரையீரலின் நுண்குழாய்களைத் தாண்டாமல் அங்கேயே கரைந்துவிடும். பெரிய காற்றுக்குமிழி சேர்ந்துவிடாமல் சிரிஞ்சை நிமிர்த்திப் பிடித்து, கண்ணுக்குத் தெரியும் காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் ஏற்றுவோம். இடது மேலறையில் நேரடியாகக் குமிழி தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுவோம். அப்போது கதை வேறு.

மயக்கமருந்து:
பயம் வேண்டாம் என்றால் டெஸ்ட் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. பதில் என் துறையில் இருக்கிறது.

இந்தச் சிரை அதை வைத்திருப்பவரைத் தொந்தரவு செய்வது குறைவு. அவர் உடம்புக்குள் குழாய் செருக வருபவரைத்தான் படுத்தும். ஐ.சி.யூ.வில் இரவு இரண்டு மணி. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கிறது, அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்து ஓட சென்ட்ரல் லைன், அதாவது பெரிய சிரைக்குள் போகும் குழாய் வேண்டும். வலது கழுத்தில் ஏற்கெனவே டயாலிசிஸ் குழாய். சரி என்று இடது கழுத்துச் சிரையான ஜுகுலரில் அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போடுகிறோம். ஊசி எளிதாகப் போகிறது, கம்பி எளிதாகப் போகிறது, கறுத்த ரத்தம் வருகிறது. பிறகு எக்ஸ்ரே. நெஞ்சுக்குக் குறுக்கே வலப்பக்கம் சாய்ந்து வர வேண்டிய குழாய், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியான அயோர்ட்டாவின் வளைவுக்கு இடப்புறமாக நேரே கீழே இறங்கியிருக்கிறது.

அந்தப் படத்தைப் பார்த்ததும் ஐந்தாறு சந்தேகங்கள் வரிசையாக வரும். தமனிக்குள் போய்விட்டதா? சிரையைக் கிழித்துக்கொண்டு நுரையீரல் உறைக்குள் கிடக்கிறதா? மார்பெலும்பை ஒட்டிய சிறு சிரைக்குள் நுழைந்துவிட்டதா? இதய உறையை ஒட்டி ஓடும் சிரையா? இல்லை, நிலைத்துவிட்ட இடது மேற்பெருஞ்சிரையா? பார்க்கும் முறை இதுதான். குழாயிலிருந்து ரத்தம் தடையில்லாமல் வருகிறதா, அதை வாயுப் பரிசோதனைக்கு அனுப்பினால் ஆக்சிஜன் சிரை அளவில் இருக்கிறதா, அழுத்தமானியில் மாட்டினால் சிரைக்குரிய அலை வருகிறதா. மூன்றும் சரியாக இருந்தால் தமனிப் பயம் போய்விடும். ஆனால் அந்தச் சிரை எந்த அறையில் முடிகிறது என்பதை இந்த மூன்றுமே சொல்லாது. இடது மேலறையில் முடியும் சிரைக்குள்ளும் ஓடுவது அதே கறுத்த ரத்தம்தான். அதற்குக் குழாய் வழியாகவே நுரைத்த சலைனை ஏற்றி எக்கோவில் பார்க்க வேண்டும்.

குழாய் முனை கரோனரி சைனஸுக்குள் கிடந்தால் துடிப்புக் கோளாறு வரலாம், அங்கே ரத்தம் உறையலாம், சுவர் ஓட்டையாகி இதயத்தைச் சுற்றி ரத்தம் சேரலாம். ஆகவே முனையை மேலே இழுத்து வைப்போம், அல்லது குழாயை வேறிடத்துக்கு மாற்றுவோம். முன்கூட்டியே 'இவருக்கு இடது எஸ்.வி.சி. (மேற்பெருஞ்சிரை) இருக்கிறது' என்று ஒரு வரி கையில் இருந்தால் இந்த ஒரு மணி நேரத் தலைவலி மிச்சம். உங்கள் சர்ஜன் கேட்டது அந்த ஒரு வரியைத்தான்.

குடலிறக்கத்துக்குப் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டே முடித்துவிடுவார்கள், சென்ட்ரல் லைன் தேவையே இருக்காது. நானாக இருந்தால், ரிசல்ட் தெரியும்வரை கை ஊசியை வலது கையில் போடச் சொல்வேன்.

படம் எடுப்பவன்:
சி.டி. எடுத்தால் எல்லாமே ஒரே தடவையில் தெரிந்துவிடும். குறுக்குச் சிரை இருக்கிறதா, வலது சிரை எவ்வளவு பெரிது, நுரையீரல் சிரைகள் சரியா. எக்கோவில் தடுமாறுவதைவிட அது மேல் இல்லையா?

மயக்கமருந்து:
குடலிறக்கத்துக்கு வந்தவருக்கு கான்ட்ராஸ்ட் சி.டி.யா? வேண்டாம் சார். கதிர்வீச்சு, சிறுநீரகம், செலவு மூன்றும் இருக்கின்றன. எக்கோவில் குமிழி சரியான இடத்துக்குப் போய், ஆக்சிஜன் அளவும் சரியாக இருந்தால் போதும். பேஸ்மேக்கர், இதய ஆபரேஷன் போன்ற காரியம் வரும்போது சி.டி. எடுத்துக்கொள்ளலாம்.

படம் எடுப்பவன்:
எல்லோருக்கும் எடுக்கச் சொல்லவில்லை. எக்கோவில் படம் தெளிவாக விழாதவர்களுக்கு, பபிளில் குழப்பம் வந்தவர்களுக்குச் சொல்கிறேன். சி.டி.யிலும் ஏமாற வழியுண்டு என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். கான்ட்ராஸ்டை வலது கையில் ஏற்றினால் இடது சிரை நிறையாமல் சாம்பலாகக் கிடக்கும். அயோர்ட்டாவுக்குப் பக்கத்தில் நெறிக்கட்டி மாதிரித் தெரியும். அடுத்தடுத்த வெட்டுகளில் கீழே பின்தொடர்ந்து போனால்தான் அது குழாய் என்று புரியும். புற்றுநோய்க்காரருக்கு எடுத்த படத்தில் இப்படி நெறி என்று எழுதிவிட்டால் சிகிச்சையின் திசையே மாறிவிடும்.

மயக்கமருந்து:
இப்போது சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். இடது சிரையைத்தான் பார்க்கிறோம் என்றால் இடது கையில் ஏற்றச் சொல்லி ரிக்வெஸ்டிலேயே எழுத வேண்டும்.

ஞாயிறு டூட்டி:
நான் டயாலிசிஸ் நர்ஸ். எங்கள் யூனிட்டில் ஒரு அண்ணாவுக்கு வலது பக்கக் குழாய் இருமுறை அடைத்துப்போய் இடப்பக்கம் பெர்ம்கேத் என்ற நீண்டநாள் டயாலிசிஸ் குழாயைப் போட்டார்கள். எக்ஸ்ரேயில் இடப்பக்கமாகவே இறங்கியிருந்தது. இந்தச் சிரைதான் என்று உறுதி செய்துகொண்டு, அதிலேயே டயாலிசிஸ் ஓட்டுகிறோம். ஃப்ளோ நன்றாகவே வருகிறது. இப்படி விட்டுவைப்பது சரியா? ஒரு சீனியர் சிஸ்டர் உடனே எடுக்க வேண்டும் என்கிறார்.

மயக்கமருந்து:
வலது மேலறையில்தான் முடிகிறது என்று எக்கோவிலோ கான்ட்ராஸ்ட் படத்திலோ உறுதி செய்திருந்தால் ஓட்டலாம், பலர் ஓட்டியிருக்கிறார்கள். வீங்கிய கரோனரி சைனஸ் அந்த ஓட்டத்தைத் தாங்கும். பார்க்க வேண்டியது முனை எங்கே நிற்கிறது என்பதை. சைனஸுக்குள் முட்டிக்கொண்டு நின்றால், மெஷின் இழுக்கும்போது நெஞ்சுவலி, படபடப்பு, துடிப்பு தவறுதல் வரும். அப்படி எதுவும் சொன்னால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். சீனியர் சிஸ்டர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இடது மேலறையில் முடியும் வகை என்றால் ஒரு நாள்கூட வைத்திருக்கக் கூடாது. குழாயில் உறைந்த சிறு கட்டி நேரே மூளைக்குப் போய்விடும்.

நடுநிசி:
அந்த 'இடது மேலறை வகை' என்று எல்லோரும் தாண்டித் தாண்டிப் போகிறீர்கள். அது என்ன என்று யாராவது சொல்லுங்களேன்.

எக்கோ அறை:
பத்தில் ஒன்று அது. கரோனரி சைனஸுக்கும் இடது மேலறைக்கும் நடுவே ஒரு சுவர் உண்டு. அது உருவாகாமல் போனால் இடது சிரையின் ரத்தம் நேராக இடது மேலறையில் கொட்டும். ஆக்சிஜன் ஏறாத ரத்தம் நுரையீரலுக்குப் போகாமலே உடம்புக்குப் போகிறது என்று பொருள். இதோடு மேலறைச் சுவர் ஓட்டையும் சேர்ந்த தொகுப்பை 1965-இல் ரகிப் என்பவரும் அவருடைய குழுவினரும் விவரித்தார்கள். அவர் பெயரிலேயே அதை ரகிப் சிண்ட்ரோம் என்கிறோம்.

ஆளைப் பார்த்தால் தெரியாது. ஒரு கை, பாதித் தலையின் ரத்தம்தான் கலக்கிறது என்பதால் உதடு அவ்வளவாக நீலம் பாரிக்காது. விரலில் மாட்டும் கருவியில் 90-ஐ ஒட்டிக் காட்டும், நுரையீரல் டாக்டரிடம் அலைவார்கள். சிலருக்கு முதல் அறிகுறியே பக்கவாதமோ மூளையில் சீழ்க்கட்டியோதான். கையிலிருந்து வரும் கிருமியையும் சிறு கட்டிகளையும் வடிகட்ட நடுவில் நுரையீரல் இல்லையே. இந்த வகைக்குத்தான் ஆபரேஷன் தேவைப்படும். உங்கள் கேள்விக்கும் இதுதான் பதில், கரூர்க்காரி: வலது மேலறையில் முடிந்தால் மூட ஒன்றுமே இல்லை. மூடினால்தான் பிரச்சினை. கை, கழுத்து ரத்தம் போக வழி வேண்டாமா?

கரூர்க்காரி:
டெஸ்ட் எடுத்தாயிற்று. இடது கையில் ஏற்றியபோது கரோனரி சைனஸ் முதலில், அப்புறம் வலது மேலறை. வலது கையில் ஏற்றியபோது நேரே வலது மேலறை. இடது பக்க அறைகளில் குமிழி இல்லை. ஆக்சிஜன் 98. வலது கையிலும் செய்யுங்கள் என்று நான் கேட்டதும் அங்கிருந்த தம்பி, "நீங்கள் நர்ஸா?" என்றார். எக்கோ அறை சாருக்கு நன்றி. ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள்.

பிள்ளைகளுக்குப் பார்க்க வேண்டுமா என்பதற்கு மட்டும் பதில் வரவில்லை. என் வீட்டுக்காரருக்கும் நாத்தனாருக்கும்?

எக்கோ அறை:
தனியாக இது மட்டும் இருக்கிறது என்றால் குடும்பத்தையே வரிசையில் நிற்கவைத்து எக்கோ எடுக்கும் வழக்கம் இல்லை. வேறு காரணத்துக்கு எடுக்கும்போது 'அப்பாவுக்கு இப்படி இருக்கிறது' என்று சொன்னால் போதும்.

இரண்டு லீட்:
பேஸ்மேக்கர் வைக்கும் கேத் லேப்பில் இருக்கிறேன். எங்கள் பக்கத்தையும் எழுதிவைக்கிறேன், பின்னால் யாருக்காவது உதவும்.

வலது கைக்காரர்களுக்குப் பேஸ்மேக்கரை இடது தோளுக்குக் கீழேதான் வைப்போம். அந்தப் பக்கத்துச் சிரை வழியாக லீட், அதாவது பேஸ்மேக்கரின் மின்கம்பி, உள்ளே போகும். திரையில் அது முதுகெலும்பைத் தாண்டி வலப்பக்கம் வர வேண்டும். வராமல் இடது ஓரமாகவே இறங்கினால் டாக்டர் ஒரு நிமிடம் நின்றுவிடுவார். கொஞ்சம் கான்ட்ராஸ்ட் ஏற்றிப் பார்த்தால் தெளிவாகிவிடும், கரோனரி சைனஸ் பெரிய பை மாதிரி நிறையும்.

லீட் அந்த வழியாக வலது மேலறைக்குள் வந்துவிடும். கஷ்டம் அதற்குப் பிறகுதான். சைனஸ் வாய்க்கு மிக அருகிலேயே, வலது கீழறைக்குப் போகும் வாசலான டிரைகஸ்பிட் வால்வு இருக்கிறது, ஆனால் லீட் அதற்கு எதிர்த்திசையில் பார்த்துக்கொண்டு வெளியே வரும். கூர்மையாகத் திரும்பினால்தான் கீழறைக்குள் போகும். டாக்டர் உள்ளே இருக்கும் கம்பியைக் கையாலேயே வளைத்து, லீட்டை வலது மேலறையின் வெளிச்சுவரில் முட்டவைத்து, பெரிய வளையமாகச் சுற்றவிட்டு, அந்த வளையத்தின் வேகத்தில் வால்வைத் தாண்டவைப்பார். முனையில் திருகு உள்ள லீட்தான் இங்கே வசதி, இல்லாவிட்டால் நழுவும். எளிதாக முடிய வேண்டிய வேலை அன்று மதியம் வரை இழுக்கும்.

வலது சிரை இருந்தால் விட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விடலாம். இரண்டு பக்கமும் சரிப்படாதவர்களுக்கு இப்போது தொடைச் சிரை வழியாகப் போகும் லீட் இல்லாத பேஸ்மேக்கர் இருக்கிறது. விலைதான் தொண்டையில் அடைக்கும்.

இன்னொன்று. இந்தச் சிரை உள்ளவர்களில் சிலருக்குத் துடிப்புக் கோளாறும் சேர்ந்து வருகிறது. பெருத்த சைனஸ், பக்கத்தில் இருக்கும் ஏ.வி. நோடை (துடிப்பின் மின்சாரத்தைக் கீழறைக்குக் கடத்தும் முடிச்சு) இழுத்து நீட்டுகிறது என்பது ஒரு விளக்கம். சிரைச் சுவரிலேயே மின்துடிப்பு கிளம்பி ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற மேலறைத் துடிப்புக் கோளாறு தொடங்குவதும் உண்டு.

மூன்றாமாண்டு:
அண்ணா, அதுதான் மார்ஷல் லிகமென்ட்டா? அனாடமியில் 'இடது மேற்பெருஞ்சிரையின் எச்சம்' என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது.

இரண்டு லீட்:
அதேதான் தம்பி. ஜான் மார்ஷல் 1850-இல் விவரித்தார். சாதாரண ஆளுக்கு இடது சிரை சுருங்கி அந்த மடிப்பாகவும் ஒரு மெல்லிய சிரையாகவும் மிஞ்சுகிறது. அந்த மெல்லிய சிரைக்குள் ஆல்கஹால் செலுத்தி, ஃபிப்ரிலேஷனைக் கிளப்பும் திசுவைக் கருக்கும் சிகிச்சையே இன்று இருக்கிறது. தேர்வுக்கு ஒரு வரி, எங்கள் லேப்பில் அரை நாள் வேலை.

நெஞ்சைத் திறப்பவர்:
இதய அறுவை சிகிச்சைத் துறை. சுருக்கமாக எழுதுகிறேன், நாளை காலை கேஸ் இருக்கிறது.

இதயத்தை நிறுத்தும் கார்டியோபிளீஜியா திரவத்தைச் சில சமயம் கரோனரி சைனஸ் வழியாகப் பின்னோக்கிச் செலுத்துவோம். இடது சிரை திறந்திருந்தால் திரவம் தசைக்குப் போகாமல் மேலே ஏறிக் கழுத்துப் பக்கம் ஓடிவிடும். கருவியில் அளவு சரியாகக் காட்டும், இதயத்துக்குப் பாதுகாப்பு கிடைத்திருக்காது. முன்பே தெரிந்தால் இடது சிரையைத் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்ளலாம், அல்லது அயோர்ட்டா வழியாகவே கொடுக்கலாம். வலது மேலறையைத் திறக்கும் ஆபரேஷன் என்றால் அந்தச் சிரையிலும் ஒரு குழாய் போட வேண்டும். போடாவிட்டால் ரத்தம் வந்து கொட்டிக்கொண்டே இருக்கும்.

குழந்தைகளில் இது இன்னும் முக்கியம். ஒற்றைக் கீழறை உள்ள குழந்தைக்கு மேற்பெருஞ்சிரையை நுரையீரல் தமனியோடு இணைக்கும் கிளென் ஆபரேஷன் செய்கிறோம். இடது சிரை இருப்பதைக் கவனிக்காமல் வலதை மட்டும் இணைத்தால், பாதி ரத்தம் நுரையீரலைத் தவிர்த்துவிட்டு இடது வழியாக இதயத்துக்கே திரும்பிவிடும், ஆக்சிஜன் ஏறாது. ஆகவே இரண்டையும் இணைக்க வேண்டும். நடுவில் நல்ல குறுக்குச் சிரை இருந்தால் மட்டும் இடதைக் கட்டிவிடலாம். கட்டுவதற்கு முன் பிடித்துப்பார்த்து அழுத்தம் ஏறுகிறதா என்று அளக்காமல் கட்டவே கூடாது.

யாழ் தேவி:
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். கர்ப்பத்தில் எனக்கு இது 21-ஆவது கிழமை (வாரம்). ஸ்கேன் செய்த டொக்டர், பிள்ளையின் நெஞ்சில் மூன்று குழாய் தெரியவேண்டிய இடத்தில் நான்கு தெரிகிறது, இடது எஸ்.வி.சி.யாக இருக்கலாம், பிள்ளைகளுக்கான இதய டொக்டரிடம் ஃபீட்டல் எக்கோ (வயிற்றுப் பிள்ளையின் இதயத்துக்கான எக்கோ) செய்யுங்கோ என்றார். இந்த இழையைத் தேடிப் பிடித்து வாசித்தேன். எல்லாரும் பெரிய ஆட்களைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். வயிற்றுப் பிள்ளைக்கும் இதே பதில்தானா?

எக்கோ அறை:
பாதிப் பதில் அதேதான் தங்கச்சி. மீதிக்குத்தான் ஃபீட்டல் எக்கோ.

ஸ்கேனில் குழந்தையின் மேல்நெஞ்சில் நுரையீரல் தமனி, அயோர்ட்டா, மேற்பெருஞ்சிரை மூன்றும் வரிசையாகத் தெரியும். நுரையீரல் தமனிக்கு இடப்பக்கம் நான்காவதாக ஒன்று தெரிந்தால் அது பெரும்பாலும் இடது சிரை. வேறு எதுவும் இல்லாமல் இது மட்டும் என்றால் பிள்ளைக்குக் குறை வராது, பிரசவ முறையையும் மாற்றத் தேவையில்லை.

ஃபீட்டல் எக்கோவில் கீழறைகள் இரண்டும் சம அளவா, அயோர்ட்டா வளைவு ஒடுங்கியிருக்கிறதா, வயிறும் கல்லீரலும் அததன் பக்கத்தில் இருக்கின்றனவா, மற்ற உறுப்புகளில் குறை உண்டா என்று பார்ப்பார்கள். கூடவே வேறு குறைகள் இருந்தால் குரோமோசோம் பரிசோதனை பற்றிப் பேசுவார்கள். நான் இதில் அழுத்திச் சொல்வது அயோர்ட்டா ஒடுக்கத்தைத்தான். இடது சிரை உள்ள குழந்தைகளில் அது அதிகம் வருகிறது. வயிற்றில் இருக்கும்போது அதை நிச்சயமாகச் சொல்லவும் முடியாது. ஏனென்றால் நுரையீரல் தமனியையும் அயோர்ட்டாவையும் இணைக்கும் டக்டஸ் என்ற குழாய் பிறந்த பிறகு மூடும்போதுதான் ஒடுக்கம் வெளியே தெரியும். அதற்குச் சில நாட்கள் ஆகும். ஆகவே பிறந்ததும் தொடை நாடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும், வலது கையிலும் காலிலும் ஆக்சிஜனும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும், டக்டஸ் மூடிய பிறகு ஒரு எக்கோ எடுக்க வேண்டும். இந்த மூன்றையும் உங்கள் மகப்பேற்றுக் கோப்பில் இப்போதே எழுதிவைக்கச் சொல்லுங்கள். பிறந்த பிறகு அவசரத்தில் யாரும் பழைய ஸ்கேனைப் புரட்டமாட்டார்கள்.

யாழ் தேவி:
நன்றி அண்ணை. வீங்கின கரோனரி சைனஸைப் பார்த்து 'ஓட்டை' என்று சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருக்கு. முதல் டொக்டர் அப்படியும் இருக்கலாம் என்றவர்.

எக்கோ அறை:
அது நடக்கிறதுதான். சைனஸ் வாய் அகலமாக இருப்பதால், கொஞ்சம் கீழே சாய்த்துப் பார்த்தால் மேலறைச் சுவரின் அடிப்பகுதி இல்லாதது போலத் தெரியும். குழந்தை இதயம் பார்த்துப் பழகியவர் கோணத்தை மாற்றிப் பிரித்துவிடுவார். பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

மூன்றாமாண்டு:
நெஞ்சிலே இருக்கும் மற்றப் பெரிய சிரைகளும் இப்படி மாறுமா? வைவாவில் கேட்டால் இடது எஸ்.வி.சி.யோடு நின்றுவிடுகிறேன்.

படம் எடுப்பவன்:
மாறும், நிறைய. நடைமுறையில் கை சுடுகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

கீழ்ப்பெருஞ்சிரை நடுவில் அறுந்து, கால், வயிற்று ரத்தம் முதுகெலும்பை ஒட்டி ஓடும் அசைகஸ் சிரை வழியாக மேலே ஏறி மேற்பெருஞ்சிரையில் சேர்வது ஒன்று. எக்ஸ்ரேயில் மூச்சுக்குழாய்க்கு வலப்பக்கம் ஒரு புடைப்பு தெரியும், கட்டி என்று நினைத்துவிடுவார்கள். தொடை வழியாகக் கேத்தீட்டர் விட்டால் இதயத்துக்கு வழக்கமான வழி கிடைக்காது. உணவுக்குழாய் ஆபரேஷனில் அசைகஸை யோசிக்காமல் கட்டுவது வழக்கம். இவருக்கு அதைக் கட்டினால் கல்லீரல் ரத்தம் தவிர உடம்பின் கீழ்ப்பாதி ரத்தம் முழுவதும் திரும்ப வழியில்லாமல் நின்றுவிடும். என்னைக் கேட்டால் இந்தப் பட்டியலிலேயே ஆபத்தானது இதுதான். இடது எஸ்.வி.சி.க்குக் கிடைக்கும் கவனத்தில் பாதிகூட இதற்குக் கிடைப்பதில்லை.

அசைகஸ் மடல் என்று வலது நுரையீரல் உச்சியில் ஒரு வளைந்த கோடு வரும். படத்துக்கு அழகு, உடம்புக்கு ஒன்றுமில்லை.

இன்னாமினேட் சிரை அயோர்ட்டா வளைவுக்கு முன்னால் போகாமல் கீழே நுழைந்து போவதும் உண்டு, முக்கியமாக ஃபேலட் நான்மை என்ற பிறவி இதயக் கோளாறு உள்ள குழந்தைகளில். அதே சிரை சிலருக்குக் கழுத்துக்குழி வரை உயர்ந்து மூச்சுக்குழாய்க்கு முன்னால் கிடக்கும். மூச்சுக்குழாயில் துளை போடும் டிரக்கியாஸ்டமி செய்யும்போது கத்தி அதில் பட்டால் அடக்க முடியாத ரத்தப்போக்கு. வெட்டும் முன் அங்கே அல்ட்ராசவுண்டை வைத்துப் பார்த்துவிடு.

மூன்றாமாண்டு:
கடைசியாக ஒன்று சார். இடது மேல் நுரையீரல் சிரை தவறாக இன்னாமினேட்டில் சேரும்போதும் அயோர்ட்டாவுக்கு இடப்பக்கம் ஒரு குழாய் தெரியும் என்று படித்தேன். இடது எஸ்.வி.சி.யிலிருந்து எப்படிப் பிரிப்பது?

படம் எடுப்பவன்:
இடது மூச்சுக்கிளைக்கு முன்னால் எத்தனை குழாய் என்று எண்ணு. இடது எஸ்.வி.சி. என்றால் இரண்டு இருக்கும்: ஒன்று அந்தச் சிரை, இன்னொன்று வழக்கமான மேல் நுரையீரல் சிரை. நுரையீரல் சிரைதான் தடம் மாறி மேலே போயிருக்கிறது என்றால் அந்த இடம் காலியாக இருக்கும். பிறகு கரோனரி சைனஸைப் பார், முதலாவதில் வீங்கியிருக்கும், இரண்டாவதில் சாதாரணமாக இருக்கும். இன்னாமினேட் நேர்மாறு: முதலாவதில் மெலிந்தோ இல்லாமலோ, இரண்டாவதில் பருத்து. இன்னும் சந்தேகம் என்றால் ரத்தம் ஓடும் திசையைக் காட்டும் டாப்ளர் போடச் சொல். இடது எஸ்.வி.சி.யில் ரத்தம் கீழே இறங்கும், மற்றதில் மேலே ஏறும்.

மூன்றாமாண்டு:
டாப்ளரில் நிறம் மட்டும் பார்த்தால் போதுமா சார்?

எக்கோ அறை:
போதாது தம்பி. நிறம் புரோபைப் பிடிக்கும் கோணத்தைப் பொறுத்து மாறும். பல்ஸ் டாப்ளர் வைத்து அலையையும் பார். சிரை அலைதான் வருகிறது, தமனி அலை இல்லை என்று முதலில் உறுதி செய்துகொண்டு, அப்புறம் திசையைச் சொல்.